பெரிய டயர்

பெரிய டயருக்கு ஏன் இவ்வளவு விலை என்று யாராவது கேட்டால் டயர்க்கடை அண்ணனுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கேட்கிறவர் தங்கச்சி புருஷனாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அன்றைக்குக் கேட்டது தங்கச்சி புருஷன்தான். அதுவும் சும்மா கேட்கவில்லை. கையில் தையல் டேப்பை வைத்துக்கொண்டு, கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது கேட்டார்.

டேப் கடைக்குட்டியுடையது. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அவள் கடைக்குட்டி. கல்யாணமாகி, காதோரம் நரைத்து, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிற வயது வந்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. டயர்க்கடையை ஒட்டிய சின்ன அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறாள். கடையும் அறையும் அண்ணனுடையவை. அறைக்கு அண்ணன் வாடகை வாங்குவதில்லை. வாங்காததை வாரத்துக்கு ஒரு தரம் சொல்லிக்காட்டாமல் இருப்பதும் இல்லை.

அவள் புருஷனை எல்லோரும் லோடு என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் எந்த லோடையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. செங்கல், தண்ணீர்த் தொட்டி, யாரோ காலி செய்த வீட்டின் மொத்தச் சாமான், எதுவானாலும் சரி. சொந்தக் கல்யாணத்துக்கே பாதி லோடு இறக்காத வண்டியில் வந்து இறங்கியவர். அன்றைக்கு மாப்பிள்ளையை எதிர்பார்த்து வாசலில் நின்ற டயர்க்கடை அண்ணன், வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்து, சிமெண்டு மூட்டைகளைக் கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டார். அந்தப் பல் இன்றுவரை விடவில்லை.

பல வருஷம் லோடு ஒரு சின்ன பிக்கப்பை வைத்து ஓட்டினார். அதை விற்றுவிட்டு, யாரிடமும் கலந்து பேசாமல், பெரிய பிக்கப் ஒன்றைப் பழையதாகப் பிடித்தார். வண்டி நல்ல வண்டிதான். டயர்தான் நாலும் மொட்டை. மச்சான் கடை இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நேரே இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். விலையைச் சொன்னதும்தான் மெஷின் அறைக்குள் புகுந்து டேப்பை எடுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், இங்க வாங்க. என் பழைய வண்டி டயர் இதோ கிடக்கு. புதுசு இது. ரெண்டையும் அளந்துட்டேன். நாலு விரக்கடை கூட. நாலே நாலு! அதுக்கு ஒண்ணுக்கு ரெண்டா விலை சொல்றீங்களே?”

“டேப்பைக் கீழ வை மாப்ளே. இதென்ன ஜாக்கெட்டா, அளவெடுத்துத் தைக்கிறதுக்கு?”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். லோடுக்குக் காது சிவந்தது.

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். எனக்குப் பதில் சொல்லுங்க.”

“உசரத்தை அளந்தியே, தூக்கிப் பாத்தியா? தூக்கு. தூக்குய்யா, உன் பேரே லோடுதானே!”

லோடு தூக்கினார். முட்டிவரைக்கும் வந்தது. முகம் கோணியது. பொத்தென்று போட்டார்.

“கனமாத்தான் இருக்கு. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? அந்தக் கனம் எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா? ரப்பர் கூட. அது மேலுக்குத் தெரியறது. உள்ள நூல் அடுக்கு கூட, கம்பி தடிமன், ரிம்மைக் கவ்வுற வளையம் தடிமன். ஒரு வண்டி பாரத்தைத் தலையில வெச்சுக்கிட்டு, கொதிக்கிற ரோட்டுல ஓடி, சூடேறியும் வெடிக்காம நிக்கணுமில்ல? அதுக்குத்தான் காசு. அப்புறம், சின்ன டயர் தினம் போகுது. லட்சக்கணக்குல அடிச்சுத் தள்றான். இதை வாங்க நாதி கிடையாது. கொஞ்சமா செய்யறான், அச்சும் பெரிசு, அந்தச் செலவை இந்தக் கொஞ்சத்து மேலதான் வைப்பான். ஒரு லாரியில சின்னது ஏத்துற அளவுக்கு இது ஏறுமா? பாதிதான் ஏறும். அந்த வண்டிக் கூலி யாரு குடுப்பா, உங்கப்பனா?”

“அப்பனை இழுக்காதீங்க.”

“இழுக்காம? நாலு விரக்கடையாம் நாலு விரக்கடை. மண்டைக்குள்ள எத்தனை விரக்கடை இருக்குன்னு அதை முதல்ல அள.”

அண்ணன் சொன்ன காரணம் அத்தனையும் நியாயம்தான். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இதையே உட்காரவைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இறங்கின குரலில் சொல்லியிருந்தால் லோடு மறுவார்த்தை பேசாமல் வாங்கி மாட்டியிருப்பார். என்ன செய்வது, சில பேருக்கு நல்லதைச் சொல்லும்போதும் செருப்பால் அடிக்கிற மாதிரிதான் வாய் வரும். டயர்க்கடை அண்ணன் அந்த ரகம்.

“ஊரானுக்கு என்ன விலையோ அதே விலை எனக்கும்,” என்றார் லோடு. “சொந்தக்காரன் தலையிலயே மொளகா அரைக்கிறீங்க. நல்லா இருங்க.”

“சொந்தக்காரன்னா? உம் பொண்டாட்டி இத்தனை வருஷமா வாடகை இல்லாம குந்திக்கிட்டு இருக்காளே, அது யாரு தலையில அரைச்ச மொளகா?”

உள்ளே கடைக்குட்டி மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வெளியே தெரிந்துவிடும். தையல் கோணிக்கொண்டு போனது. போகட்டும், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று மிதித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வண்டிக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் காலை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முட்டையைப் பொரித்து ரொட்டியோடு வைத்தாள். லோடு தட்டைத் தொடவில்லை.

“நாலு பேர் முன்னாடி என்ன சொன்னாரு பாத்தியா? மண்டையை அளக்கணுமாம்.”

“அவரு வாயி அப்படித்தான். டயரைப் பத்தி சொன்னது சரிதானேங்க.”

“ஓ! நீயும் அந்தக் கட்சியா?”

“கட்சியென்ன கட்சி. பாரம் ஏத்துற வண்டி. தாங்கற டயரா போடணும்னுதான் சொல்றேன். வேணும்னா ரெண்டு இப்ப வாங்கி, ரெண்டு அப்புறமா…”

“அந்த ஆள் கடையில ஒரு வால்வு மூடிகூட வாங்க மாட்டேன். உங்க அண்ணனைப் போய் பூட்டிக்கச் சொல்லு.”

மறுநாள் பெரிய ரோட்டில் இருக்கிற இன்னொரு டயர்க் கடைக்குப் போனார். வெயிலோ மழையோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு ஆள் நடத்துகிற கடை அது. சாயங்காலம் வண்டி நாலு புது டயரோடு வாசலில் வந்து நின்றது. கன்னங்கரேலென்று, ஆழமான வெட்டுகளோடு, பார்க்க ஜோராகத்தான் இருந்தன. லோடு ஒவ்வொன்றையும் காலால் தட்டிக் காண்பித்தார்.

“அதே உசரம். அதே அகலம். அதே நம்பர். டேப் வெச்சுப் பாத்துத்தான் வாங்கினேன். உங்க அண்ணன் சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான்.”

“உள்ள அடுக்கு அது இதுன்னு அண்ணன் சொன்னாரே, அதைக் கேட்டீங்களா?”

“கேட்டேன், கேட்டேன். பெரிய கார்ல போடறது, இதுக்கும் கச்சிதமா உக்காரும்னான். உக்காந்துச்சில்ல? கார்ல மட்டும் மனுஷன் போகலையா?”

பெரிய காரில் நாலு மனுஷரும் ரெண்டு பெட்டியும் போவார்கள். பிக்கப்பில் டைல்ஸ் போகும். உயரம் ஒன்றுதான், உள்ளே இருக்கிற பலம் வேறு. இதைக் கடைக்குட்டி கேட்டிருக்கலாம். கேட்டால் ராத்திரி சோறு இறங்காது என்று விட்டுவிட்டாள். டயர்க்காரன் வீட்டில் பிறந்தாலும் அவளுக்குத் தெரிந்தது துணியும் ரெக்ஸினும்தான். பார்வைக்கு அவளுக்கும் எல்லாம் ஒரே டயராகத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் இரண்டு ஆண்களும் பேசிக்கொள்ளவில்லை. லோடு கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதித்துப் புழுதி கிளப்பிவிட்டுப் போவார். அண்ணன் புழுதியைத் தட்டிக்கொண்டே மெஷின் அறைப் பக்கம் திரும்பி, “போறாரு பாரு தொரை,” என்பார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வரும் அண்ணி, “நீ ஏன் குட்டி நடுவுல கிடந்து சாகற? ஒண்ணு அவரைத் திருத்து, இல்ல இவரைத் திருத்து,” என்று சிரிப்பாள். இரண்டும் ஆகாத காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கடை வாசலில் கிடந்த பழைய டயர்கள் தொட்டால் சுட்டன. ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. கடைக்குட்டி ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மலைப் பக்கத்து ஊர் பஸ் கம்பெனி ஒன்றுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு இதுவரை வந்த வேலையிலேயே பெரியது அது.

கவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நாளும் வந்தது. அதே பக்கம் லோடுக்கும் டைல்ஸ் லோடு இருந்தது.

“நானும் வரேங்க. கவரை நானே மாட்டிக் குடுத்தாத்தான் அடுத்த வேலை தருவான்,” என்று காலையில் சொல்லியிருந்தாள்.

“வா. ஆனா உங்க அண்ணன் கடை வாசல்ல நின்னு ஆரன் அடிக்க மாட்டேன். முக்குல டீக்கடைகிட்ட வந்து ஏறிக்க.”

ஆனால் லோடு கடை வாசலுக்கே வரும்படி ஆகிவிட்டது. பாரம் ஏற்றின பிறகு பார்த்தால் பின் டயர் இரண்டும் பிதுங்கிக்கொண்டு நின்றன. கறுப்புக் கண்ணாடிக்காரர் கடையில் காற்றடிக்கிற கம்ப்ரசர் ரிப்பேர். பாரத்தோடு அப்படியே கிளம்ப முடியாது. வேறு வழியில்லாமல் மச்சான் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை. வண்டிக் கண்ணாடிக்குள்ளிருந்தே நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குட்டி மெஷின் அறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஐயோ, நடு ரோட்டில் இன்னொரு கூத்து நடக்கப்போகிறது என்று பயந்தாள்.

அண்ணன் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற எழுத்தை விரலால் தடவிப் படிப்பார். பிறகுதான் குழாயை மாட்டுவார். சைக்கிள் வந்தாலும் படிப்பார். அன்றும் பின்பக்கம் குந்தி உட்கார்ந்தார். விரல் எழுத்துமேல் போனது. அதே இடத்தை இன்னொரு தரம் தடவினார். பிறகு எழுந்தார்.

“காத்து எவ்வளவு வைக்கணும்?”

“எப்பவும் இந்த வண்டிக்கு வைக்கிறது. அறுபத்தஞ்சு.”

“பின்னாடி ரெண்டுக்குமா?”

“ரெண்டுக்கும்தான்.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. கடைக்குட்டிக்கு நம்ப முடியவில்லை. அண்ணன் வாயிலிருந்து இவ்வளவு லேசாக ஒரு “சரி” வந்து அவள் கேட்டதே இல்லை. ஒரு குத்தல் இல்லை, அப்பனை இழுக்கவில்லை. காற்று வைத்தார், காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார், குழாயைச் சுருட்டினார். அட, என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தானே என்று நினைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் வெளியே வந்து, “அண்ணே, டீ சொல்லட்டுமா?” என்றாள்.

“வேணாம்,” என்றார் அண்ணன். அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே சாப்பிடப் போய்விட்டார்.

அவள் கவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடை முக்குக்கு ஓடி வண்டியில் ஏறினாள்.

ஊரைத் தாண்டினதும் லோடு சிரித்தார். “பாத்தியா உங்க அண்ணனை? டயரைப் பாத்துட்டு வாயே தொறக்கல. சரக்கு நல்ல சரக்குன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு.”

“ரெண்டு பேரும் பேசினீங்களே, அதுவே போதும்.”

“நான் எங்க பேசினேன்? அவரு கேட்டாரு, சொன்னேன்.”

“பெரிய இவரு!” என்று அவர் தோளில் இடித்தாள். கட்டி எடுத்து வந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். இத்தனை நாளாக அவள் மனசில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. அடுத்த மாசம் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

மேட்டுப் பாதை ஏறி இறங்கும் இடத்தில் பின்பக்கம் வெடித்தது. டமார் என்ற ஒரே சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. லோடு ஸ்டீயரிங்கை மார்போடு கட்டிப்பிடித்துத் திருப்பினார். அவர் திருப்பியது அவள் பக்கத்தைக் காப்பாற்றத்தான். ஓரத்துக் கல் தூண் அவர் பக்கம் மோதியது. வண்டி நின்ற பிறகும் டைல்ஸ் நிற்கவில்லை. பெட்டி பெட்டியாக முன்னால் சரிந்து வந்து கேபினை நசுக்கியது. கடைக்குட்டிக்கு முழங்கை சிராய்ந்தது, நெற்றியில் ஒரு வெட்டு. லோடின் வலது காலை வெளியே எடுக்க ரோட்டில் போனவர்கள் கடப்பாரை கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அறையில் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் நிற்குமா, நிற்காதா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. காலால் மிதித்துப் பிழைக்கிற மனுஷன், அது போனால் என்ன செய்வார் என்ற நினைப்பைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அப்போதுதான் அண்ணனும் அண்ணியும் ஓடிவந்தார்கள்.

அண்ணன் அவளைப் பார்த்ததும் கோவென்று அழுதுவிட்டார். அவள் நெற்றியைத் தொட்டார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடிமாடு மாதிரி இருக்கிற ஆள் அப்படிக் குழந்தைபோல அழுததை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“கஞ்சப் பய! நாலு காசு மிச்சம் பிடிக்க உன்னைக் கொல்லப் பாத்தானே! வரட்டும் வெளிய, இன்னொரு காலையும் நான் ஒடிக்கிறேன்,” என்று அறைக் கதவைப் பார்த்துக் கத்தினார்.

“சும்மா இருங்க, ஆஸ்பத்திரி,” என்று அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன சும்மா இருக்கிறது? கார் டயர் அது! டைல்ஸ் ஏத்துற வண்டிக்குக் கார் டயரு! வெயில்ல பாதி தூரம் போகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

கடைக்குட்டி கண்ணைத் துடைத்தாள். “அப்பவேன்னா, எப்ப அண்ணே?”

“காத்து வைக்கிறப்பத்தான்.”

சொன்ன பிறகுதான் அண்ணன் வாயை மூடினார். அண்ணியின் கை அவர் சட்டையிலிருந்து கீழே இறங்கியது.

“படிச்சுப் பாத்தியா?” என்று கேட்டாள் கடைக்குட்டி.

“படிச்சேன்.”

“அறுபத்தஞ்சு தாங்குமா அது?”

“நாப்பத்தி நாலுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு.”

“தெரிஞ்சும் வெச்சே?”

“கேட்டதைத்தானே வெச்சேன்! நான் சொன்னா கேக்கற ஆளா அவன்? அன்னிக்கு டேப்பை வெச்சுக்கிட்டு என்னா பேச்சு பேசினான்! நடு வெயில்ல டயர் படுத்து, ரோட்டோரம் நாள் பூரா காஞ்சான்னா புத்தி வரும்னு நெனைச்சேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா?”

“விலை ஏன் கூடன்னு ஊரே கேக்கற மாதிரி கத்தினியே அண்ணே. ‘இதுல பாரம் ஏத்தாத’ன்னு ரெண்டு வார்த்தை. அதுக்கு வாய் வரலையா உனக்கு?”

அண்ணன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“குட்டி, சத்தியமா சொல்றேன், நீ அதுல ஏறுவேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? டயரையே கிழிச்சுப் போட்டிருப்பேன். உன்னை ஏத்தி விடுவேனா நான்?”

பாசத்தோடுதான் சொன்னார். அதில் ஒரு துளி நடிப்பு இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் தன் புருஷன் மட்டும் போயிருந்தால் இந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். அவளுக்கு அழுகை நின்றுபோனது. கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்தாள்.

“லோடு வண்டிக்காரர்கூட வந்தது யாரும்மா?”

“நான் அவர் சம்சாரம்.”

“காலைக் காப்பாத்த முடியல. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். டாக்டர் கூப்பிடறாரு, உள்ள வாங்க. கூட ஆம்பளைங்க, சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தாலும் வரலாம்.”

அண்ணன் தரையிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவரு யாரு? சொந்தமா?”

கடைக்குட்டி திரும்பிப் பார்க்கவில்லை.

“இல்லீங்க. காத்து வைக்கிற கடைக்காரரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.